வேலிக்குக் கீழால் ஓடிய கொடி

குலசிங்கம் தன் வாழ்நாளில் இரண்டு பொட்டுகளை அடைத்தவர். முதலாவது சாவகச்சேரியில், மற்றது கனடாவில், அஜின்கோர்ட்டில். பொட்டு என்பது யாழ்ப்பாணத்து வேலிகளில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு விடப்படும் இடைவெளி. அயல்வீட்டுப் பெண்கள் அதால்தான் போய்வருவார்கள். வாசலால் வருகிறவர் விருந்தாளி, அவருக்குக் கதிரை இழுத்துப் போடவேண்டும், தேத்தண்ணி கொடுக்கவேண்டும். பொட்டால் வருகிறவர் வீட்டு ஆள். அவர் வந்தது தெரியாமலே அடுப்படியில் நிற்பார். இதை எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதவில்லை, ஆனால் தெரியாதவர் கிடையாது.

சாவகச்சேரிக் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், அது இல்லாமல் மனிதரைப் புரியாது. நில அளவைக் கந்தோரில் கிளாக்கராக இருந்தவர் குலசிங்கம். ஊரார் எல்லைகளையெல்லாம் வரைபடத்தில் பார்த்துப் பார்த்து, தன் எல்லையிலும் யாரோ கைவைக்கிறார்கள் என்ற சந்தேகம் அவருக்கு ஒரு தொழில்நோயாகவே வந்துவிட்டது. அடுத்த வளவில் இருந்தவர் சொந்த அண்ணன் சிவக்கொழுந்து. அண்ணன் வேலிக் கதியால் தடிகளைத் தம்பியின் பக்கம் ஒரு முழம் தள்ளி நட்டுவிட்டார் என்பது தம்பியின் கட்சி. இதை வேலி அரக்குதல் என்பார்கள். மாரி மழைக்கு வேலி சரிந்த நேரமும், வீட்டுக்காரர் திருவிழாவுக்குப் போன நேரமும் எங்கள் ஊர்க் கதியால்களுக்குக் கால் முளைத்துவிடும். அப்பு காலத்திலிருந்து கதியால் அங்கேதான் நிற்கிறது என்று அண்ணன் சொன்னார். தம்பி வழக்குப் போட்டார். போட்ட கையோடு பொட்டை அடைத்தார்.

வழக்கு அவர் தலை நரைக்கும்வரை நடந்தது. தீர்ப்பு வருமுன் சண்டை வந்து நீதிமன்றத்தை மூடி, வேலியை எரித்து, இரண்டு வளவுகளையும் ஒரே பற்றைக்காடாக்கிவிட்டது. தம்பி கனடாவுக்கு வந்துசேர்ந்தார். யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த தொண்ணூற்றைந்தாம் வருடக் கடைசியில் அண்ணன் கிளிநொச்சியில் காலமானார். செய்தி கேட்டதும் குலசிங்கம், "காணிக்கு ஒரு முடிவு காணாமலே போட்டான் மனுசன்" என்றார். அவருடைய மனைவி சந்திரவதனா குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். சிவக்கொழுந்தின் பெண்சாதியும் அவளும் ஒன்றாக மா இடித்தவர்கள், ஒருத்தி பிள்ளையை மற்றவள் குளிப்பாட்டியவர்கள். பொட்டு அடைபட்ட பிறகு இருவரும் ஒருநாளும் பேசிக்கொள்ளவில்லை. வழக்கு அண்ணன் தம்பிக்குத்தான், ஆனால் தோற்றது இவர்கள் இருவரும்.

அஜின்கோர்ட் வீடு மகளும் மருமகனும் வாங்கியது. இருட்டோடு இருவரும் வேலைக்குப் போய்விடுவார்கள். குலசிங்கம் நகரத்து நடுவில், டவுன்ரவுனில், ஒரு கார்த் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் காவல் இருந்தார். சந்திரவதனா வீட்டில் தனிய. முழங்கால் வருத்தம், ஆங்கிலம் வராது, பனியைக் கண்டால் பயம். அவளுக்கு அந்த ஊரில் கிடைத்த ஒரே ஆள் பக்கத்து வீட்டு அருள்நாயகி.

அருள்நாயகியின் புருசன் சீமோன் பாசையூர்க்காரன், நாற்பதை எட்டியவன், ஒஷாவாவில் கார்ப் பாகங்கள் செய்யும் ஒரு பக்ரறியில் வேலை. குலசிங்கம் வீட்டாருக்கு இரண்டு வருடம் பிந்தி அங்கே வீடு வாங்கியவர்கள். இவர்கள் வந்த முதல் வசந்தத்திலேயே பின்வளவு மரவேலியில் இரண்டு பலகைகள் உக்கி விழுந்தன. சீமோன் புதுப்பலகை வாங்கப் புறப்பட, "உது அப்பிடியே கிடக்கட்டும்" என்று அருள்நாயகி தடுத்துவிட்டாள். அவ்வளவுதான், பலகை வேலியிலும் ஒரு பொட்டு பிறந்தது. காலையில் வீடு வெறித்ததும் சந்திரவதனா அதால் போவாள். அருள்நாயகி வீட்டிலிருந்தே தையல் வேலை செய்பவள். அவள் மெசினில் இருக்க, இவள் நூல் அறுத்துக் கொடுப்பாள், மரக்கறி வெட்டிக் கொடுப்பாள், இரண்டு பேரும் ஓயாமல் கதைப்பார்கள். மூன்று வருடம் அப்படிப் போனது. சந்திரவதனா கனடாவில் சந்தோசமாக இருந்தாள் என்றால் அந்த மூன்று வருடம்தான்.

பொட்டுக்குப் பக்கத்தில், சீமோனின் பக்கம், வேலியோடு ஒரு கொடி நின்றது. மாரிக்குச் செத்துப்போகும், வசந்தத்தில் மண்ணுக்குள்ளிருந்து கிளம்பி, சீமோன் கட்டிவிட்ட கயிறுகளில் கூரைவரை ஏறும். இலை சொரசொரக்கும். கோடை முடிவில் பச்சைக் கடதாசியை மடித்துச் செய்ததுபோல் கொத்துக் கொத்தாகப் பூக்கும். கசக்கினால் மஞ்சள் தூள் ஒட்டும், கசப்பு மணம் அடிக்கும். பக்ரறியில் கூட வேலைசெய்த வெள்ளைக்காரன் ஒருவன் வந்து பார்த்துவிட்டு, இது ஹொப்ஸ், பியருக்குக் கசப்புக் கொடுக்கிற பூ என்று சொன்னான். அன்றிலிருந்து சீமோனுக்குப் பைத்தியம் பிடித்தது. வீட்டுக்குக் கீழே பேஸ்மன்றில் பிளாஸ்ரிக் வாளிகளை அடுக்கித் தானே பியர் வடித்தான். அதைக் குடித்தவர்களில் பாதிப்பேர் இரண்டாவது கிளாஸ் கேட்கவில்லை என்பது வேறு கதை.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மே மாதத்தில் வினை தொடங்கியது. குலசிங்கத்தின் கத்தரிப் பாத்திக்குள் நாலைந்து இளங்கொழுந்துகள் தலைகாட்டின. இலை சொரசொரப்பைத் தடவிப் பார்த்த சந்திரவதனா, முசுமுசுக்கை கனடாவிலும் முளைக்கிறதே என்று ஆச்சரியப்பட்டு, கிள்ளித் தேங்காய்ப்பூப் போட்டு வறை வறுத்தாள். குலசிங்கம் இரண்டுதரம் போட்டுச் சாப்பிட்டுவிட்டு வாயைப் பிளந்துகொண்டு நித்திரை கொண்டார். அடுத்த நாள் அது சீமோனின் பியர்க்கொடி என்று தெரிந்தது. மனிதர் சைவம், வாழ்க்கையில் கள்ளுக்கூடத் தொடாதவர். ஆனால் அவரை உறுத்தியது அதுவல்ல. மண்ணைக் கிளறிப் பார்த்தபோது கொழுந்துகளுக்குக் கீழே விரல் தடிப்பில் ஒரு கிழங்குவேர், கயிறுபோல, வேலிப் பக்கம் ஓடியிருந்தது. அதைக் கண்டதும் அவருக்குள் சாவகச்சேரி எழும்பி உட்கார்ந்துவிட்டது.

வேலியடியில் நின்று சீமோனைக் கூப்பிட்டார்.

"தம்பி, உம்மடை கொடி என்ரை வளவுக்கை வந்திட்டுது."

"உது அப்பிடித்தான் அண்ணை, மண்ணுக்குக் கீழாலை ஓடும். வெட்டி எறியுங்கோ."

"வெட்டலாம். ஏன் வந்தது எண்டுதான் கேக்கிறன்."

சீமோன் சிரித்தான். "கொடிக்கு எல்லை தெரியுமே?"

"கொடிக்குத் தெரியாது. நட்டவனுக்குத் தெரியவேணும்."

"நான் நடயில்லை அண்ணை. நாங்கள் வீடு வாங்கேக்கையே நிண்டது."

அந்தச் சொல்லைச் சீமோன் சொல்லியிருக்கக்கூடாது. அப்பு காலத்திலிருந்து நிற்கிறது என்று அண்ணன் சொன்னதும் இதே சொல்தானே. குலசிங்கம் உள்ளே போய் அளவுநாடாவை எடுத்துவந்தார்.

அந்தக் கோடை முழுக்க அவர் வெட்டினார். ஹொப்ஸ் கிழங்கை வெட்டினால் வெட்டின துண்டிலிருந்தும் முளைக்கும் என்பது அவருக்குத் தெரியாது. ஒன்று வெட்டின இடத்தில் இரண்டு வந்தது. சீமோன் வேண்டுமென்றே செய்கிறான் என்று முடிவுகட்டினார். கொடி தானாக ஓடுகிறதாம், இந்தக் கதையை வேறு யாருக்காவது சொல்லட்டும். செப்டம்பரில் பூப் பறிக்கும் காலம் வந்தது. வேலிக்கு மேலால் இந்தப் பக்கம் தொங்கிய கொத்துகளைச் சீமோன் கையை நீட்டிப் பறிப்பதை, குலசிங்கம் சமையலறை யன்னலால் கண்டார்.

"முதல் வேர் வந்தது. இப்ப கையும் வந்திட்டுது" என்றார்.

அடுத்த நாள் வேலைக்குப் போகவில்லை. இரண்டு பலகை வாங்கிவந்து பொட்டை அடைத்தார். தேவைக்கு மிஞ்சி ஆணி அடித்தார். அருள்நாயகிக்கென்று ஒரு கோப்பையில் கறி மூடிக்கொண்டு வெளியே வந்த சந்திரவதனா படியிலேயே நின்றுவிட்டாள்.

"என்னை ஏன் அடைக்கிறியள்?" என்று கேட்டாள்.

"உம்மை ஆர் அடைச்சது? வாசல் இருக்குத்தானே."

"வாசலாலை போறதுக்கு அவையென்ன ஆரோவே?"

கறியைத் திரும்ப உள்ளே கொண்டுபோனாள். அதன் பிறகு அந்தப் பேச்சை அவள் எடுக்கவில்லை. அருள்நாயகி ஒருமுறை ரெலிபோன் எடுத்தாள். சுகமோ, சுகம், குளிர் தொடங்கிவிட்டது, ஓம் தொடங்கிவிட்டது என்பதோடு முடிந்தது. பொட்டால் கதைத்தவர்களுக்கு ரெலிபோனில் கதைக்கத் தெரியவில்லை.

மாரி வந்தது. சந்திரவதனா சமைத்தாள், துவைத்தாள், மற்ற நேரமெல்லாம் பின்யன்னலடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தாள். மெலிந்துபோனாள். கேட்டதற்குமட்டும் பதில் சொன்னாள், பிறகு அதுவும் தலையாட்டலாகச் சுருங்கியது. மகள் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். டொக்டர் விற்றமின் எழுதிக் கொடுத்தார். குலசிங்கம் வேலையால் வந்து லைற் போடாத வீட்டுக்குள் மனைவி இருப்பதைக் காணும்போதெல்லாம் உள்ளுக்குள் பயந்தார். பயந்தாரே தவிர ஆணியைக் கழற்றவில்லை. கொடி ஒழிந்தால் பலகை கழலும், கொடி நிற்கும்வரை பலகையும் நிற்கும். மகளிடம் அப்படித்தான் சொன்னார். பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நிற்கிற மனிதரை என்ன செய்வது.

ஏப்ரலில் பனி கரைந்து மண் இளகியதும் சீமோன்தான் இறங்கிவந்தான். வேலிக்கு மேலால் தலையை நீட்டினான்.

"அண்ணை, வாற சனிக்கிழமை நான் இந்தக் கொடியை அடியோடை கிளப்பி, மற்றப் பக்கம் கராஜ் சுவரோடை நடப்போறன். குருத்து எழும்ப முதல் செய்யவேணும், பிந்தினால் சரிவராது. உங்கடை பக்கம் வந்து கிடக்கிற வேரையும் கிளப்பித் தாங்கோ. அடியே போனாப் பிறகு வராது. அதுக்குப் பிறகு உந்தப் பலகையைக் கழட்டுங்கோ. அருள் வீட்டிலை ஒருத்தரோடையும் முகம்குடுத்துக் கதைக்கிறாளில்லை."

நியாயமான பேச்சு. குலசிங்கத்துக்கு உள்ளூர ஆறுதல்கூட. "அடியைக் காணாமல் விடக்கூடாது" என்றுமட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலை வேலிக்கு இரு பக்கமும் இருவரும் மண்ணைத் தோண்டினார்கள். சீமோன் முள்ளுமண்வெட்டியால் மெதுவாகக் கிளறி, வேர்களை முறியாமல் எடுத்து, வெள்ளை முளைகள் இருக்கிற இடங்களாகப் பார்த்துச் சாண் துண்டுகளாக வெட்டி, நனைந்த பேப்பரில் சுற்றி வைத்தான். கொஞ்ச நேரத்தில் அவன் குரல் வந்தது.

"அண்ணை, இஞ்சாலை அடியில்லை."

"அடியில்லாமல் கொடியோ? வடிவாப் பாரும்."

"பாத்திட்டன். எல்லாம் ஓடுவேர்தான். எல்லாம் வேலிக்குக் கீழாலை உங்கடை பக்கம்தான் போகுது."

குலசிங்கம் நம்பவில்லை. தன் பாத்தியில் கிடந்த கிழங்குவேரைப் பிடித்துக்கொண்டு வேலிப் பக்கம் தோண்டினார். போகப்போக மெலிந்தது. அடிப்பக்கம் என்றால் தடிக்கவேண்டும். ஒரு கணம் யோசித்துவிட்டு எதிர்ப்பக்கமாகத் தோண்டினார். வேர் தடித்தது. இன்னும் தோண்ட இன்னும் தடித்தது. அது போய் நின்ற இடம் வளவின் மூலையில் அவரே வந்த வருடம் பரவிய சீமெந்துக் கற்கள். மழைத்தண்ணீர் பிடிக்கிற பீப்பாவை வைப்பதற்காகப் போட்டவை. இரும்பு அலவாங்கை விட்டு ஒரு கல்லை நெம்பினார்.

கல்லுக்குக் கீழே ஒரு பெரிய கரணைக்கிழங்கு அளவில் அடிக்கட்டை இருந்தது. கறுத்து, முண்டும் முடிச்சுமாக, நெடுங்காலத்துக் கட்டை. அதிலிருந்து கிளம்பிய வேர்கள் அத்தனையும் வெளிச்சம் தேடி வேலியை நோக்கி ஓடியிருந்தன. முன்பு இந்த வீட்டில் இருந்த யாரோ நட்டது. இவர் வந்து அதன் தலையில் கல்லைப் போட்டார். அது செத்துப்போகாமல் மண்ணுக்குக் கீழால் சீமோனின் பக்கம் போய் எழும்பியது. நில அளவைக் கந்தோரில் இருந்தவருக்கு அதை வாசிக்க அதிக நேரம் எடுக்கவில்லை. சீமோனின் கொடி இங்கே வரவில்லை. இவருடைய கொடிதான் அங்கே போயிருக்கிறது. அரக்கியது இவருடைய பக்கம்.

கல்லை ஒரு கையால் தாங்கிப் பிடித்தபடி குந்தியிருந்தார். கையை விட்டால் கல் பழைய இடத்தில் படுத்துவிடும். குனிந்து தோண்டுகிற சீமோனுக்கு வேலியால் பார்க்க முடியாது. அங்கே ஒரு கண் நுழையவும் இடைவெளியில்லாமல் பலகையை இறுக்கி அடித்தவர் அவரே.

"அடி தெரியுதோ அண்ணை?" என்று சீமோன் கேட்டான்.

"இல்லை" என்றார் குலசிங்கம்.

கல்லைச் சத்தமில்லாமல் இறக்கிவிட்டு நிமிர்ந்தார். பின்படியில் சந்திரவதனா தேத்தண்ணியோடு நின்றாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியவில்லை, ஆனால் எல்லாவற்றையும் கண்டிருந்தாள். அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. தேத்தண்ணியைப் படியில் வைத்துவிட்டு வேலியைப் பார்த்துச் சொன்னாள். மாரி முழுக்க வீட்டுக்குள் கேட்காத அந்தக் குரல் அடுத்த வளவுக்கும் கேட்டது.

"சீமோன், அடி எங்கடை பக்கம்தான் கிடக்கு. உவர் வைச்ச கல்லுக்குக் கீழை. வந்து பாரும்."

பொட்டு இல்லாததால் சீமோன் முன்பக்கத்தால் சுற்றி வரவேண்டியிருந்தது. அதுவரை குலசிங்கம் அலவாங்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சந்திரவதனாவும் நின்றாள். சீமோன் சேற்றுச் சப்பாத்தோடு வந்து, கல்லைத் தூக்கி, கட்டையைப் பார்த்தான். அவன் சிரித்திருந்தால் குலசிங்கம் சண்டைபிடித்துத் தப்பியிருப்பார். அவன் சிரிக்கவில்லை.

"அப்ப இவ்வளவு நாளும் நான் உங்கடை கொடியிலைதான் பூப் பறிச்சிருக்கிறன்" என்றான். "எனக்கு விளங்கயில்லை அண்ணை. இப்ப என்ன செய்ய? கிளப்பவோ, விடவோ? உங்கடை சாமான், நீங்கள் சொல்லுங்கோ."

உங்கடை சாமான். அண்ணன் வாயாலோ ஒரு நீதவான் வாயாலோ அந்தச் சொல்லைக் கேட்பதற்காக அவர் அரை ஆயுளைச் செலவழித்தவர். இப்போது கேட்காமலே கிடைத்தது. வெட்கமாக இருந்தது, வேறொன்றும் இல்லை.

"கிளப்புவம்" என்றார். "பாதி நீர் கொண்டுபோம். மற்றப் பாதியை இஞ்சை வெயில் படுற இடத்திலை நடுவம். இனிக் கல்லுக்குக் கீழை வேண்டாம்."

இருவரும் சேர்ந்து கட்டையைக் கிளப்பி, கோடரியால் இரண்டாகப் பிளந்தார்கள். வெட்டுவாயில் சாம்பல் பூசாமல் நடக்கூடாது, இராசவள்ளிக் கிழங்குக்கு அப்படித்தான் என்று குலசிங்கம் பிடிவாதமாக நின்றார். வீட்டில் சாம்பல் ஏது? குசினிக்குள் போய் மஞ்சள்தூளை எடுத்துவந்து பூசினார். ஹொப்சுக்கு மஞ்சள் பூசின முதல் ஆள் உலகத்திலேயே அவராகத்தான் இருக்கும். சீமோன் கட்டையைத் திருப்பித் திருப்பிக் கொடுத்தான். மண்ணைக் கொத்தி, எருக் கலந்து, ஓடுவேர்த் துண்டுகளை முளை மேலே பார்க்கப் படுக்கவைத்து மூடினார்கள். கராஜ் சுவரோடு சீமோன் நட்டதற்கும் குலசிங்கம் போய்த் தண்ணீர் ஊற்றினார். பின்னேரம் இரு பக்கமும் நின்று பலகைகளைக் கழற்றினார்கள். அடித்ததைவிட ஆணி கழற்ற நேரம் பிடித்தது.

குலசிங்கம் உள்ளே வந்து கை கழுவினார். "திறந்தாச்சு. போம்" என்றார்.

"அதாலை இப்ப போக ஏலாது" என்றாள் சந்திரவதனா.

"ஏன்?"

"அடைச்சது நாங்கள். அடைச்சுப்போட்டு, நினைச்ச நேரம் திறந்து, ஒண்டும் நடக்காத மாதிரி அவளின்ரை அடுப்படியிலை போய் நிக்கிறதே? வாசலாலை போய்த்தான் கேக்கவேணும். நீங்களும் வாறியள்."

அவளிடமிருந்து அவ்வளவு சொற்களைச் சேர்த்துக் கேட்டு எத்தனையோ மாதமாயிருந்தது. குலசிங்கம் மறுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, சீமோன் வீட்டார் தேவாலயப் பூசையால் வந்த பிறகு, இருவரும் போனார்கள். சந்திரவதனா சேலை உடுத்து, பயற்றம் உருண்டைகளை ஒரு தட்டில் மூடி எடுத்தாள். பக்கத்து வீட்டுக்குப் போக மணியை அடித்துக்கொண்டு நிற்பது இருவருக்கும் புதிது. அருள்நாயகி கதவைத் திறந்து, "வாங்கோ, இருங்கோ" என்றாள். சோபாவில் இருத்தினாள். பெட்டியில் கிடந்த நல்ல கோப்பைகளைக் கழுவி, தட்டத்தில் வைத்து, பிஸ்கற்றோடு தேத்தண்ணி கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அந்தத் தட்டத்தைக் கண்டதும் சந்திரவதனாவின் கண் கலங்கிவிட்டது. இந்த வீட்டில் அவள் தேத்தண்ணியைத் தானே ஊற்றிக் குடித்தவள்.

வெயில் வந்துவிட்டது என்று பேசினார்கள். மகளின் வேலையைப் பற்றிப் பேசினார்கள். குலசிங்கம் கோப்பையைத் தட்டத்தில் வைத்தார்.

"நான் செய்தது பிழை, பிள்ளை" என்றார்.

அருள்நாயகி அவரைப் பார்த்தாள். பிறகு குனிந்து சந்திரவதனாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். "இதென்னக்கா, எலும்பாப் போனியள்" என்றாள். அப்படியே பிடித்து எழுப்பிக் குசினிக்குள் கூட்டிக்கொண்டு போனாள். உள்ளே முதலில் ஒருவர் அழுகிற சத்தம் கேட்டது, பிறகு இருவர். கொஞ்சம் செல்ல, கதை தொடங்கியது. ஒரு மாரி முழுக்கத் தேங்கிக் கிடந்த கதை.

சீமோன் பின்னேர வேலைக்குப் போகவேண்டுமென்று சொல்லிக்கொண்டு எழும்பிப் போனான். குலசிங்கம் தனிய இருந்தார். பிஸ்கற்றைத் தின்றார். ஆறின தேத்தண்ணியையும் குடித்தார். ஒருமட்டில் குசினிப் பக்கம் சத்தம் நின்றுவிட்டதை உணர்ந்து எட்டிப் பார்த்தார். குசினியில் ஒருவரும் இல்லை. பின்கதவு திறந்து கிடந்தது. இரண்டு பெண்களும் பொட்டால் போய், அவருடைய வீட்டுப் படியில் இருந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சந்திரவதனாவின் காலில் அருள்நாயகியின் வீட்டுச் செருப்பு.

குலசிங்கம் பின்கதவடியில் கொஞ்ச நேரம் நின்றார். பத்தடி நடந்தால் வீடு. ஆனால் அந்த வழியால் வரச்சொல்லி அவரை இன்னும் ஒருவரும் கூப்பிடவில்லை. திரும்பி முன்வாசலுக்கு வந்து தன் சப்பாத்தைப் போட்டார். பக்கத்தில் கிடந்த மனைவியின் சப்பாத்துகளைக் கையில் எடுத்துக்கொண்டு, கதவைச் சாத்திவிட்டு, தெருவால் சுற்றி வீட்டுக்குப் போனார்.